டிஸ்க்ல கீறல் இல்ல, கேம்தான் பாதில நிக்குது

வாடிக்கையாளர் எல்லாருக்கும் வணக்கம்,

போன வாரம் ஒரு தம்பி, வாங்கிட்டுப் போன மறுநாளே டிஸ்க்கோட வந்து "அண்ணா இது போச்சு"ன்னு நீட்டுனாரு, சட்டைலயே தொடச்சு தொடச்சு கண்ணாடியாட்டம் வச்சிருந்தாரு பாவம். கடை கன்சோல்ல போட்டா ஹீரோ படி இறங்குறப்போ இடுப்பு வரைக்கும் தரைக்குள்ள புதைஞ்சு நிக்கிறான். நெட் கனெக்ட் பண்ணி அப்டேட் ஏத்துனதும் இறங்கிட்டான், ஆனா அடுத்த ரூம் கதவு திறக்கல.

விஷயம் என்னன்னா, டிஸ்க் அடிக்கணும்ங்கறதுக்காக ரிலீஸுக்கு சில வாரம் முன்னாடியே ஒரு காப்பிய முடிச்சு குடுத்துடுவாங்க, கேம் கோல்ட் ஆயிடுச்சுன்னு சொல்றது அதைத்தான், அதுக்கப்புறம் சரி பண்றது எல்லாம் டே ஒன் பேட்ச்சா நெட்ல வரும். நெட்ல பேட்ச் அனுப்ப வழியில்லாத பழைய கார்ட்ரிட்ஜ் காலத்துலயும் பக் (கேம்ல இருக்கற கோளாறு) இருந்துச்சுதான், ஆனா அப்புறம் பாத்துக்கலாம்ங்கற தைரியம் யாருக்கும் இல்ல.

இதுக்கு கேம ஆடி சோதிக்கற டெஸ்டர்ஸ திட்டாதீங்க. எங்க பக் இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்கறதோட அவங்க வேலை முடிஞ்சுது, அதைப் பாத்துட்டும் ரிலீஸ் தேதிய தள்ளாதவங்கதான் பதில் சொல்லணும். 2020 டிசம்பர் 10 சைபர்பங்க் 2077ங்கற கேம் வந்தப்போ முன்கூட்டியே ரிவ்யூவுக்கு குடுத்தது பிசி காப்பி மட்டும்தான், சோனியோட பழைய கன்சோல் பிஎஸ்4ல எப்படி தடுக்கி விழுதுன்னு காசு குடுத்தவங்கதான் கண்டுபிடிச்சாங்க. பழைய கன்சோலுக்கு இன்னும் டைம் வேணும்னு வந்த சிக்னல கண்டுக்காம விட்டுட்டோம்னு அந்த கேம் கம்பெனி மேனேஜ்மென்ட்டே அப்புறம் ஒத்துக்கிச்சு. சோனி ஒரே வாரத்துல ஸ்டோர்ல இருந்து தூக்கி ரீஃபண்ட் குடுத்துச்சு, கேம் அங்க திரும்ப வந்தது 2021 ஜூன்ல.

எங்க பங்கும் இருக்கு. ப்ரீ ஆர்டர் போஸ்டர் ஒட்டி அட்வான்ஸ் வாங்குனது நாங்கதானே. பிசி கேம் விக்கற ஆன்லைன் கடை ஸ்டீம்ல வாங்குனா 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா காசு திரும்ப கேக்கலாம், நம்ம கடையிலயோ கவர் பிரிச்சா எடுக்க மாட்டோம்னு ஒரு போர்டு தொங்குச்சு. அதை கழட்டியாச்சு. அட்வான்ஸும் இனிமே கிடையாது. புது கேம் வந்தா முதல்ல ஒரு டிஸ்க்க நாங்களே பிரிச்சு, பேட்ச் இல்லாம ஒருவாட்டி பேட்ச்சோட ஒருவாட்டி ஆடிப் பாத்து, எங்க மாட்டுதுன்னு கவுன்டர்ல எழுதி ஒட்டிடறோம், அதைப் படிச்சுட்டு வாங்குங்க. எழுதாத பக் எதுலயாச்சும் மாட்டிக்கிட்டீங்கன்னா டிஸ்க்கோட வாங்க, பேசிக்கலாம்.

அந்த தம்பிக்கு காசு குடுத்தாச்சு. டிஸ்க் இங்கதான் இருக்கு, கதவு திறந்ததும் கூப்பிடறேன்னு சொல்லிருக்கேன், தினமும் ஒருவாட்டி போட்டு பாக்கறேன், நேத்து வரைக்கும் திறக்கல.