கோவைகளைக் காத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கார்த்திகை மழையில் எமது சிறுவர் இல்லத்துக்குள் வெள்ளம் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் விரித்துரைக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் அனைவரும் சுகமாக இருக்கின்றனர், அலுமாரியோடு நனைந்துபோன அவர்களுடைய ஆவணக் கோவைகளும் பெரும்பாலும் மீண்டுவிட்டன என்பதைச் சொல்லி, உங்கள் எல்லோருக்கும் கைகூப்பவே இம்மடலை எழுதுகின்றேன்.

நேரம் பாராது சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய பரிபாலன சபையார், தம் வீடுகளிலும் வெள்ளம் நின்றபோது எமக்காக அலைந்த நன்னடத்தை உத்தியோகத்தர்கள், கேளாமலே உதவி அனுப்பிய புலம்பெயர் உறவுகள் என நன்றிக்குரியோர் பலர். ஆயினும் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

அவர் பதிவகமொன்றில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நனைந்த கோவைகளை முற்றத்தில் பரப்ப நாங்கள் ஆயத்தமானபோது படலையைத் திறந்துகொண்டு வந்தவர், "வெயிலிலை வைக்காதேங்கோ பிள்ளை, மை வெளிறிப்போம், தாளும் சுருண்டுபோம்" என்று தடுத்து, விறாந்தையில் பாய் விரிக்கச் செய்தார். ஒட்டிக்கிடந்த தாள்களுக்கிடையே ஈர்க்கை மெல்லச் செலுத்தி ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் பழைய பத்திரிகைத் தாளை வைத்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு தாள் வைத்தார். நீதவான் நீதிமன்றக் கட்டளைக்குக் காட்டிய அதே பொறுமையைத் தாய் எழுதிய கிழிந்த கடிதத்துக்கும் காட்டினார்.

அக்கோவைகளுள் 2009 இல் பிறந்த ஒரு பிள்ளையினுடையதும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் சாதாரண தரப் பரீட்சைக்கு வேண்டிய அடையாள அட்டைக்கு அப்பிள்ளையால் விண்ணப்பிக்க முடியவில்லை. குடும்பத்தின் ஊர் முல்லைத்தீவு என்பதால் பதிவைத் தேடும் முயற்சியும் அங்கேயே நடந்துவந்தது. ஐயாவோ, ஈரம் வற்றிய கிளினிக் அட்டையொன்றைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்து, அது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் கொடுக்கப்பட்டது என்று காட்டினார். போரால் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்த காலம் அது. "பிறப்பு எங்கை நடந்ததோ, பதிவும் அங்கைதான் இருக்கும். வவுனியாவிலை கேட்டுப் பாருங்கோ" என்றார். பதிவு கிடைத்தது, அதிலிருந்த தாயின் முழுப்பெயரைக் கொண்டு ஓர் அம்மம்மாவையும் கண்டுபிடித்திருக்கின்றோம்.

எமது நாட்டில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது இறுதித் தெரிவாகவே அமைய வேண்டும் என்று, சிறுவர்களின் மாற்றுப் பராமரிப்புக்கான ஐக்கிய நாடுகள் சபையின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஆனால் உறவைத் தேடிப் போவதற்கு முதலில் ஒரு கோவை வேண்டும்.

நான் இணைந்திருக்கும் தலைமைத்துவப் பெலோஷிப் என்னும் பயிற்சித் திட்டத்திலிருந்து அந்த நாட்களில் விலகிவிட எண்ணினேன். இணைப்பாளர்கள் என்னை விடவில்லை. மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சக பெலோக்கள் துணைக்கு வந்தனர். அவர்களுக்கும் என் நன்றி. அமெரிக்காவில் அன்னி ஈ. கேசி அறக்கட்டளை 1993 இல் தொடங்கிய சிறுவர், குடும்பப் பெலோஷிப்பைப் போலவே, இங்கும் பதவியில் இருந்தபடியே பயில்கின்றோம். எவ்வளவு செய்தோம், எவ்வளவு செம்மையாகச் செய்தோம், அதனால் எவருடைய வாழ்வேனும் மேம்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுகின்றோம். முதலிரண்டுக்கும் அறிக்கையில் விடை எழுதுவது எளிது. மூன்றாவதற்கு ஒரு விடையை எமது விறாந்தையிலேயே கண்டேன். இத்தகைய திட்டங்கள் பணிப்பாளர்களையும் பொறுப்பாளர்களையும் மட்டுமே தெரிவுசெய்வது போதாது என்பது என் உறுதியான எண்ணம். பதிவேடுகளோடு வாழ்ந்த இலிகிதர்களும் எங்களோடு அமர வேண்டும் என்று இணைப்பாளர்களுக்கு எழுதியிருக்கின்றேன்.

இனி எமது இல்லத்தில் ஒவ்வொரு கோவைக்கும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கும். பதினெட்டு வயதில் வெளியேறும் எந்தப் பிள்ளையும் தன் பிறப்புச் சான்றிதழும் கோவையின் பிரதியும் கையில் இல்லாமல் படலையைத் தாண்டாது என்று உங்கள் முன்னிலையில் உறுதியளிக்கின்றேன்.

என்றும் நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்,
யாழ்ப்பாணம்.