இளைஞருக்கும் முதியோருக்கும் பங்கில் ஒரே திட்டம் போடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் நெருங்கினால் கத்தோலிக்கக் கோயில் பங்குகளில் அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சித் திட்டம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். எங்கள் பங்குச் சபையிலும் தொடங்கியிருக்கிறது. பல வருடங்களாக அந்தத் திட்டத்தில் இளைஞருக்கு ஒரு பக்கம், முதியோருக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகவே எழுதி வருகிறோம். இளைஞர் பக்கத்தில் கரோல், கிரிக்கெட் போட்டி, ஒரு சுற்றுலா இருக்கும். முதியோர் பக்கத்தில் ஒரு மதியச் சாப்பாடும் நத்தாருக்கு உலர் உணவுப் பொதியும் இருக்கும். எல்லாம் அன்போடு செய்கிற காரியங்கள்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு கூட்டமும் வருடம் முழுக்க ஒரே கோயிலுக்கு வந்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே போகிறார்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தையாவது இருவருக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று வட கொழும்புப் பங்குகளைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அதன் பிறகு அந்த விகிதம் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. அதோடு 2022 நெருக்கடிக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாடு போய்விட, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் மாடி வீடுகளில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிற குடும்பங்கள் எத்தனை! ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை வேலையாக வீடுகளுக்குப் போகும்போது அவர்கள் எங்களிடம் கேட்பது அரிசி பருப்பு அல்ல. ஃபோனில் டொக்டரை சனல் பண்ணி (நேரம் பதிந்து) தர முடியுமா, ஆஸ்பத்திரி கிளினிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, பிரதேச செயலகத்திலிருந்து வந்த சிங்களப் படிவத்தை யார் நிரப்பித் தருவார்கள், மகன் கனடாவிலிருந்து வீடியோ கோல் எடுத்தால் எதை அழுத்துவது – இவற்றைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. மூன்று மொழியிலும் சமாளிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள்.

முதியோர் வாங்கிக்கொள்ள மட்டும் வருவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயர்தரத்தில் கணக்கீடு படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், தையல் தெரிந்த அன்ரிமார் எல்லாரும் எங்கள் நடுவிலேயே இருக்கிறார்கள். டியூஷனுக்குக் காசு கட்ட முடியாமல் திணறும் வீடுகளும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன. தவக்காலத்தில் பசாம் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பல் பாடல்) படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகவும் குறைந்துவிட்டார்கள். அந்த ராகத்தை இசைப் புத்தகத்தில் தேட முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடித்தான் பழக வேண்டும். தெரிந்தவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்களிடம் அனுப்ப வேண்டும் என்பது என் மனதில் நீண்ட நாளாக இருக்கும் ஆசை.

சரி, எப்போது கூடுவது? எல்லாத் திட்டமும் தடுமாறுகிற இடம் இதுதான். ஞாயிறு டியூஷனுக்குப் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகும் முதியவர்களை அன்று கூப்பிட முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் மாடிப்படி இறங்கி வர அவர்களுக்குப் பயம். நான் சொல்வது போயா (பௌர்ணமி) விடுமுறை. மாதம் ஒரு நாள், பாடசாலையும் இல்லை, அலுவலகமும் இல்லை. காலைத் திருப்பலி முடிந்ததும் இரண்டு மணி நேரம் பங்கு மண்டபத்தில் இருக்கலாம். வெசாக் மாதத்தில் மட்டும் வீதியில் கூட்டம் அதிகம் என்பதால் வேறு நாள் பார்க்கலாம்.

மண்டபம் கீழ்த் தளத்தில் இருக்க வேண்டும், மலசலகூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், கைபிடியுள்ள கதிரைகள் வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு அன்பிய (பங்கின் சிறு அயலவர் குழு) வாரியாக முச்சக்கரவண்டி ஒழுங்கு செய்யலாம். வீட்டை விட்டே வர முடியாதவர்களை நாம் தேடி அலையத் தேவையில்லை, மாத முதல் வெள்ளிக்கு நற்கருணை கொண்டுபோகிற பட்டியல் பங்குப் பணிமனையில் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு இரண்டு இளைஞர்களோடு ஒரு பெரியவரும் சேர்ந்து போகட்டும், யாரும் தனியாகப் போக வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். இன்னொன்றையும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்: ஃபோனைக் காட்டிக் கொடுக்கிற பிள்ளைகள் வங்கி இரகசிய எண்ணைக் கேட்கவும் கூடாது, முதியவர்கள் சொல்லவும் கூடாது. ஏமாற்று அழைப்புகளில் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இளைஞரைக் கதிரை தூக்கவும் பந்தல் கட்டவும் மட்டும் கூப்பிடும் பழக்கம் மாற வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எங்கள் கோயில் வாசலில் நின்று பைகளைச் சோதித்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். பெரியவர்களே உள்ளே வரத் தயங்கிய நாட்கள் அவை. அந்தப் பொறுப்பைக் கொடுக்க முடிந்த நமக்கு, திட்டமிடும் மேசையில் இரண்டு நாற்காலி கொடுக்க என்ன தயக்கம்? அதே மேசையில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேரும் உட்காரட்டும். தங்களுக்கு என்ன தேவை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்போம்.

திருச்சபையின் நாட்காட்டியும் இதற்கு இடம் தருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கிவைத்த தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை நான்காம் ஞாயிறு வருகிறது. ஒக்டோபர் 1ஐ நம் நாட்டில் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் ஒன்றாகவே கொண்டாடுகிறோம். இந்த இரண்டு நாளிலாவது தனித்தனி மேடை போடாமல் இருக்கலாம்.

முகத்துவாரம், பொரளை, வெள்ளவத்தை என்று எந்தப் பங்கிலாவது இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், எது சரிவந்தது, எங்கே சிக்கல் வந்தது என்று உங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டுகிறேன். நீங்களும் அவற்றுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கினால், ஜனவரிப் போயாவுக்கு முன்னரே எங்கள் பங்குச் சபையில் அவற்றை வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
பங்குச் சபை உறுப்பினர் ஒருவர்,
வட கொழும்பு