காட்பாடி ஸ்டேஷன் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கு வணக்கம்.

வாடகையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து 130 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிற எங்களுக்கு, ஸ்டேஷனுக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு வேண்டும். அதற்காகக் கூடுதலாகவே கொடுக்கிறோம். நான் கேட்பது அட்வான்ஸை. காலி செய்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

முன்பு குடியிருந்த அபார்ட்மெண்டைக் காலி செய்தபோது, "அடுத்து ஆள் வரட்டும், அவங்க தர்ற அட்வான்ஸை அப்படியே உங்களுக்குத் தந்துடறேன்" என்றார் உரிமையாளர். புது வீட்டுக்காரரோ முழு அட்வான்ஸும் கைக்கு வராமல் சாவி தரமாட்டேன் என்றார். பத்து மாத வாடகை. மாதச் சம்பளக்காரன் எங்கே போவேன்? என் மனைவி தாலிச்செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் தங்கை கல்யாணத்தில் மஞ்சள் கயிற்றோடு நின்றாள். கேட்டவர்களிடமெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொன்னாள். என் பணம் ஒருவரிடம் வட்டியில்லாமல் கிடக்க, அடகுக் கடையில் நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பணம் வந்தபோது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகை பிடித்திருந்தது. பில் கேட்டேன். "இதுக்கெல்லாமா பில் கேப்பாங்க?" என்றார். குடும்பம் நடத்தினால் சுவர் மங்கத்தான் செய்யும் ஐயா. மாதாமாதம் வாங்கிய வாடகை பிறகு எதற்கு?

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த 'தவிர' வழியாகத்தான் உங்கள் பத்து மாதம் நுழைகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? ஆனால் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த ஆள் வரும்வரை காத்திரு என்று அதில் எங்கேயும் இல்லை.

நாங்களாவது உள்ளூர், தமிழில் சண்டை போடலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இதே காட்பாடியில் இறங்குகிற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ரூம் தேடுகிறவர்களிடம் ரசீதே இல்லாமல் பணம் வாங்குகிறவர்களும் உங்களில் உண்டு. சாதியை நேரடியாகக் கேட்காமல் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான். சாவி கொடுக்கும் நாளில் எங்களோடு நின்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உடைந்தது இருந்தால் பில்லோடு பிடித்துக்கொள்ளுங்கள். மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
காட்பாடியில் வாடகைக்குக் குடியிருப்பவன்