முடிவுக்கு முன் நிறுத்தப்பட்ட படம்: தமிழ்ப் படப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் தொலைக்காட்சி அலைவரிசையில் ‘அந்த நாள்’ என்ற பழைய தமிழ்ப் படம் ஒளியேறும் என்று நிகழ்ச்சிப் பட்டியலில் அறிவித்திருந்தீர்கள். இரவு 11 மணிக்கு என்று போட்டிருந்த படம் 1 மணியும் கடந்த பிறகுதான் தொடங்கியது. இடையிடையே நீண்ட விளம்பரங்கள் வந்தன. கொலையாளி யார் என்று தெரியவரும் இறுதிக் கட்டத்தை எட்டுவதற்கு முன்பே படம் நிறுத்தப்பட்டு, சமையல் பாத்திரங்களை விற்கும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூடத் திரையில் ஓடவில்லை. இதற்கு முன்னர் நாங்கள் எழுதிய கடிதங்களும் அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதில்களும் உங்கள் கோப்பில் இருக்கும் என்பதால், அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. எங்கள் கோரிக்கை அப்போது எதுவோ இப்போதும் அதுவே: வாரத்தில் ஒரு நாள், பிற்பகல் வேளையில், 1965-ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் ஒளியேற்றுங்கள்.

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய படங்களைக் கூடிப் பார்த்துக் கூடிப் பேசுகிறவர்கள் நாங்கள். எங்களில் பெரும்பாலோர் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள், செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை அறுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறி இப்போது வீடமைப்புப் பகுதிகளில் சிதறி வாழ்கிறோம். தோட்டத்தில் இருந்தவரை, திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டும் இரவு ஊருக்கே பொதுவான இரவாக இருந்தது. பாய், முக்காலி, போர்வை சகிதமாகச் சென்று இடம் பிடித்துப் பார்த்தவர்கள், இன்று ஒரு பழைய படம் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து ஒரே வீட்டில் கூடுகிறார்கள். அன்று இரவும் அப்படித்தான் கூடினோம்.

எங்களுள் மூத்தவர் ஒரு பெரியவர், தோட்டத்தில் மண்டோராக (தொழிலாளரை மேற்பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜப்பானியர் அவருடைய தந்தையைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுள் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். அவருடைய தந்தையும் திரும்பவில்லை. ‘அந்த நாள்’ படத்தை ஏன் இவரைப் போன்றவர்கள் மீண்டும் பார்க்கத் துடிக்கிறார்கள் என்பதை உங்கள் பிரிவில் யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்தப் படத்தின் கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டி. நாட்டின் இரகசியங்களை ஜப்பானியருக்கு விற்கும் வானொலிப் பொறியாளனாகச் சிவாஜி கணேசன் நடித்திருக்கிறார். சயாம் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டதும் அதே 1943 அக்டோபரில்தான். சென்னையில் எடுத்த ஒரு துப்பறியும் படம், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவருக்குத் தம் தந்தையின் கடைசி மாதங்களோடு ஒட்டிய கதையாக இருக்கிறது. சிறுவனாகத் திடலில் அரைகுறையாகப் பார்த்த அந்தப் படத்தை, அதன் பொருள் புரிகிற வயதில் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் இரவு எட்டரை மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உறங்குகிறவர். அன்று மாத்திரையைத் தள்ளிப்போட்டார். 11 மணி ஆயிற்று, 12 ஆயிற்று. இதோ வந்துவிடும் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கண் அறுவை செய்துகொண்ட அவருக்கு நடுச்சாமத்தில் திரையைப் பார்ப்பதே சிரமம். ஆயினும் முதல் காட்சியில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நாங்கள் அனைவரும் பார்த்தோம். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் ஒவ்வொருவர் மீது ஐயம் விழும்படி இயக்குநர் எஸ். பாலசந்தர் அமைத்த படம் அது. பாடல் இல்லை, நடனம் இல்லை, கண்ணை எடுக்க இடமே இல்லை. அப்படி ஒரு படத்தின் முடிவை அறுத்தெறிவதற்கு அந்தப் படத்தையே காட்டாமல் விட்டிருக்கலாம். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. இரவு மாத்திரையை அப்போதுதான் விழுங்கினார். மறுநாள் முழுவதும் தலைசுற்றலோடு படுத்திருந்தார் என்று அவருடைய மருமகள் சொன்னபோது, அந்த வீட்டுக்கு வந்து கூடும்படி அவரிடம் சொன்ன எங்களுக்கு வந்த சினத்தை இந்த மடலில் இயன்றவரை அடக்கி எழுதுகிறேன்.

நீங்கள் முன்பு அனுப்பிய பதிலில், பழைய படங்களுக்குப் போதிய பார்வையாளர் இல்லை என்றும், விரும்புவோர் கூடுதல் கட்டணம் செலுத்திச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். பார்வையாளர் உறங்கும் நேரத்தில் படத்தைப் போட்டுவிட்டுப் பார்வையாளர் இல்லை என்று கணக்குக் காட்டுவது எப்படி நியாயமாகும்? 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் தமிழகத் திரையரங்குகளில் மீண்டும் வெளியானபோது, அந்தப் படம் வந்த காலத்தில் பிறந்திராதவர்களும் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். மாறாக, ‘அந்த நாள்’ 1954-இல் வெளிவந்தபோது பாட்டில்லாத படமா என்று முகம் சுளித்தவர்கள் பலர். இன்று தமிழ்த் திரையுலகின் வரலாற்றை எழுதுகிற எவரும் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. முதல் வாரத்துக் கூட்டத்தை மட்டும் வைத்து ஒரு படத்தின் மதிப்பை அளந்திருந்தால் அது எப்போதோ மறைந்திருக்கும்.

செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியவர்களிடம் இருப்பது சிறிய கைப்பேசி. அதில் முன்கட்டணத்தில் கொஞ்சம் தரவு. செம்பனைக் காட்டை ஒட்டிய பகுதிகளில் அதுவும் நின்று நின்றுதான் வரும். பழைய படங்கள் இணையத்தில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் பல, பாடல்கள் கத்தரிக்கப்பட்டு, ஒலி தேய்ந்து, முகம் அடையாளம் தெரியாத பிரதிகளாக இருக்கின்றன. மேலும் அவற்றில் மலாய் மொழி வசன வரிகள் இல்லை. மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்த எங்கள் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ஒரு பழைய படத்தைப் பார்க்க, திரையின் அடியில் ஓடும் அந்த மலாய் வரிகளே துணை. அவற்றைத் தர உங்களைப் போன்ற நிலையத்தால்தான் முடியும்.

உரிமக் கட்டணம் கட்டுபடியாகவில்லை என்ற காரணத்தையும் கேட்டிருக்கிறோம். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை 50 ஆண்டுகளுக்கு உரியது. 1940-களிலும் 50-களிலும் வந்த படங்கள் அந்தக் காலவரம்பை என்றோ கடந்துவிட்டன. நல்ல பிரதி வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவைச் செய்யும்படிதான் கேட்கிறோம். மாதந்தோறும் நாங்கள் தவறாமல் கட்டும் சந்தாவில் அதற்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

இவற்றை இப்போதே காட்ட வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே சிதைந்துபோகும். ஓடி முடிந்த சுருள்களை அவற்றில் இருந்த வெள்ளிக்காக அழித்ததும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் தொடங்கப்பட்டபோது, தமிழின் தொடக்க காலப் படங்களுள் பெரும்பகுதி ஏற்கனவே போய்விட்டிருந்தது. எஞ்சியவையும் பெட்டியில் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’, எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’, முரசு நடனத்துக்காகவே பேசப்பட்ட ‘சந்திரலேகா’, நாகையா நடித்த ‘ஏழை படும் பாடு’ ஆகியவற்றை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தை மையமாக வைத்து நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்தைச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய எங்கள் தோட்டத்து மக்களுக்கு ஒருமுறை காட்டிப் பாருங்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தோம், யாரோடு பார்த்தோம், எந்த வசனத்துக்குத் திடலே கைதட்டியது என்பதை அந்தப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் இளையவர்கள் படத்துக்குள் வருகிறார்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பாடல் போட்டி என்று இளைஞர்களை மேடையேற்றிப் பாகவதர் பாட்டையும் கண்டசாலா பாட்டையும் பாட வைக்கிறீர்கள். அந்த நிகழ்ச்சிகளுக்கு மாலை நேரமும் பெரிய விளம்பரதாரர்களும் கிடைக்கிறார்கள். அந்தப் பாட்டு எந்தப் படத்தில், எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்று பாடுகிற பிள்ளைக்கே தெரியாமல் போவதற்கு யார் பொறுப்பு? பெருநாள் தோறும் அண்மைக் காலப் படங்களையே சுற்றிச் சுற்றி ஒளியேற்றுகிறீர்கள். நகைச்சுவைக் காட்சிகளை வெட்டி ஒட்டி மணிக்கணக்கில் ஓட்டுகிறீர்கள். அரிதாக ஒரு பழைய படத்தைக் காட்டும்போதும், ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்ட படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடுகிறீர்கள். பத்மினியின் முகம் பரந்து, எம்.ஜி.ஆரின் உயரம் குறுகித் தெரிகிறது. இரு பக்கமும் கறுப்பு விழுந்தால் பரவாயில்லை, படம் படமாக இருக்கட்டும். முகத்தைப் பார்த்தே கதையை அறிந்துகொண்ட தலைமுறை எங்களுடையது.

சினத்தில் சில சொற்கள் கடுமையாக வந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் பிரிவில் பணிபுரிவோரும் இந்நாட்டுத் தமிழர்கள்தாம், பலர் எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளாகவே இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் எங்கோ ஒரு திடலில் பாய் விரித்துப் பார்த்தவர்களாக இருப்பார்கள். ஆகவே உங்களிடம் கேட்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாகவே எண்ணுகிறோம்.

வாரத்தில் ஒரு நாள், பிற்பகல் வேளையில், ஒரு பழைய தமிழ்ப் படம் முழுமையாக. ஞாயிற்றுக்கிழமை 2 மணியானால் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்கும். சனிக்கிழமையானாலும் ஒப்புக்கொள்வோம். படத்தின் பெயரை ஒரு வாரம் முன்னதாக அறிவித்துவிட்டு, அறிவித்த படத்தை அறிவித்த நேரத்தில் காட்டுங்கள். விளம்பரம் போடத்தான் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். படம் முடிவதற்குத் தேவையான நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் விளம்பரத்தைப் போடுங்கள். முதல் படமாக ‘அந்த நாள்’ படத்தையே மீண்டும் ஒளியேற்ற வேண்டும் என்று எங்கள் பெரியவரின் சார்பில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கொலையாளி யார் என்று எங்களுள் சிலருக்குத் தெரியும், அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தே தெரிந்துகொள்கிறேன் என்கிறார். அடுத்த காலாண்டு நிகழ்ச்சிப் பட்டியலை நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பாக, இக்கோரிக்கைக்கு எழுத்து மூலமான பதிலை அன்புகூர்ந்து அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
பழைய படம் பார்க்கும் அன்பர்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேரா.