உரை எழுதித் தர மாட்டேன், கண்ணு

கண்ணு,

ஜூன் 26 போதை ஒழிப்பு நாளுக்கு உன் பள்ளிப் பிள்ளைகளிடம் பிரேயரில் பேச ஐந்து நிமிட உரை வேண்டும் என்று நேற்று போனில் கேட்டாய். ஆசிரியையாக இருந்த காலத்தில் அம்மா வருஷா வருஷம் எழுதியவள்தான். இந்த முறை எழுதித் தரப் போவதில்லை.

உரை கேட்டு ஒரு பையனும் போதையை விட்டதை நான் பார்த்ததில்லை. கறுத்த நுரையீரல் படத்தைக் காட்டினால் கடைசி பெஞ்ச் வாய் பிளந்து பார்க்கும், மணி அடித்ததும் மறந்துவிடும். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரர்களையே வகுப்புக்கு அனுப்பி 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்னால் ஆராய்ந்து பார்த்தால், அதில் படித்த பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கணக்குப் போடக் கூப்பிட்டேன். வந்தான், வாயைத் திறக்கவில்லை. கீழுதடு லேசாகப் புடைத்திருந்தது. துப்பச் சொன்னால், நகமளவு வெள்ளைப் புகையிலைப் பொட்டலம், டீத்தூள் பை மாதிரி. மறுநாள் பிரேயரில் எல்லார் முன்னாலும் அவனை நிறுத்தினேன். அதற்கப்புறம் அவன் பள்ளிக்கே வரவில்லை. ஒரு மாதம் கழித்து வீடு தேடிப் போனேன். ராத்திரி அப்பாவுக்குத் துணையாகத் தறிக்குப் போவானாம். தூக்கம் வராமலிருக்க அங்கே ஒரு அண்ணன் கொடுத்துப் பழக்கியது என்றார் அவன் பாட்டி. நான் அவனிடமே கேட்டிருக்கலாம்.

கொடுப்பவன் வில்லன் இல்லை, கண்ணு. அண்ணன், கூட்டாளி, கிரிக்கெட் டீம் கேப்டன். பிள்ளைக்குப் பொட்டலத்தை மறுப்பது சுலபம், அந்த ஆளை மறுப்பதுதான் கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் சொன்ன பத்து வாழ்க்கைத் திறன்களை (முடிவெடுப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது மாதிரி) சார்ட்டில் எழுதி ஒட்டச் சொல்வார்கள். ஒட்டிக்கொள். ஆனால் வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி நடிக்க விடு. ஒருவன் நீட்டட்டும், இன்னொருவன் மறுக்கட்டும்.

நான் கடைசி இரண்டு வருஷம் செய்து பார்த்தேன். முதல் பையன் "போதை உயிரைக் குடிக்கும்" என்றான், வகுப்பே சிரித்தது. எந்தக் கூட்டாளியிடம் எவன் அப்படிப் பேசுவான்? அடுத்தவன் சொன்னான்: "வேணாம்டா, எங்கம்மா வாயை மோந்து பாக்கும்." ஒரே கைதட்டல். மாற்றி மாற்றி நீட்டச் சொன்னேன். "பயந்தாங்கொள்ளி", "ஒரு தடவை மட்டும்டா" என்று சீண்டச் சொன்னேன். நாலாவது தடவையில்தான் குரல் நிமிர்ந்தது.

அப்புறம் பள்ளி கேட்டுக்கு வெளியே ஒரு நடை போய்ப் பார். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. கடை இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். யாராவது மாட்டினால் பிரேயரில் நிறுத்தாதே, தனியாகக் கூப்பிட்டு முதலில் சாப்பிட்டானா என்று கேள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளின் நோட்டிலேயே எழுதிவிடு.

பிள்ளைகள் என்னென்ன சாக்கு சொன்னார்கள் என்று மறக்காமல் எழுதி அனுப்பு. பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாவது போயிருக்கிறான், அவனுக்கும் இரண்டு சொல்லித் தரணும்.

அம்மா