நேர்காணலுக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

மருந்து ஆய்வுகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் மானிட்டர் வேலைக்கான பெங்களூரு நேர்காணலைப் பற்றி நீ போனில் சொன்னது பாதி, நான் கேட்க நினைத்தது மீதி. அதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்து ஆய்வுகளை முறையாக நடத்துவதற்கான ஜிசிபி வழிகாட்டுதல் முதலில் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டார்கள், 1996 என்றாய். ஆய்வில் இருக்கும் நோயாளிக்குக் கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வை நடத்தும் டாக்டர் எத்தனை மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார்கள், 24 என்றாய். ரெண்டும் சரி. ஆனால் "டாக்டர் உங்கள் மேல் எரிந்து விழுந்தால்?" என்றதற்கு "மேனேஜரிடம் சொல்வேன்" என்றாயாம். அவர்கள் முகம் மாறியது என்றாய். மாறத்தானே செய்யும்? மனப்பாடக் கேள்விகளெல்லாம் சம்பிரதாயத்துக்கு. உன்னை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு கேள்விதான்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து ஆய்வு கோஆர்டினேட்டராக இருந்த காலத்தில் எத்தனையோ மானிட்டர்கள் வந்து போனார்கள். பலர் ஃபைலைப் புரட்டி, டிக் போட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். ஒரு பையன் மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்திறங்கி, குளித்துவிட்டு நேராக எங்கள் அறைக்கு வந்தவன், ஆய்வில் சேர நோயாளிகள் சம்மதித்துப் போட்ட ஒப்புதல் படிவக் கட்டைத்தான் முதலில் கேட்டான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவரின் கைரேகை. பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. கைரேகைக்குக் கீழே ஒரு தேதி, சாட்சியின் கையெழுத்துக்குக் கீழே மறுநாள் தேதி. ஆய்வுக்காக ரத்தம் எடுத்ததோ முதல் நாளே. விளக்கிச் சொல்லும்போது சாட்சி முழு நேரமும் கூட இருந்திருக்க வேண்டும், அது விதி.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னான். "உன் வயசுதான்டா என் சர்வீஸ்" என்று அவர் கத்தியது வராண்டா வரை கேட்டது. அவன் குரலை உயர்த்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. "நீங்க நல்லா விளக்கிச் சொல்லியிருப்பீங்க சார், அதில எனக்கு சந்தேகம் இல்ல. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல வர்றவர் இந்தத் தேதியப் பார்த்துக் கேட்டா காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றான். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, என்ன செய்யணும் சொல்லு" என்றார். தேதியைத் திருத்தலாமா என்று யாரோ ஆரம்பித்ததும் கூடவே கூடாது என்றுவிட்டான். நடந்ததை அன்றைய தேதியிட்டே எழுதி ஃபைலில் வைக்கச் சொன்னான். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு, விதியிலிருந்து விலகியதைச் சொல்லும் அறிக்கை அனுப்ப வைத்தான். அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு முழு விளக்கமும் மறுபடி சொல்ல வைத்தான். அப்புறம்தான் தன் மேனேஜருக்கு மெயில்.

உன்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இந்த வரிசையைத்தான். மேனேஜர் கடைசியில் வந்தால் போதும்.

அடுத்து, ஆய்வில் இருக்கும் நோயாளி பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு அட்மிட் ஆனால், அது கடுமையான பாதகமா? இதை அநேகமாக எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். மருந்துக்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நிறைய பேர் "இல்லை" என்றுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலே அது கடுமையான பாதகம்தான், 24 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். மருந்தால் நேர்ந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. "அரை நாள்தான் இருக்கிறது, எதை முதலில் பார்ப்பாய்?" என்றால் ஒப்புதல், யாரை ஆய்வில் சேர்க்கலாம் என்ற தகுதி விதிகள், பாதகங்கள், மருந்துக் கணக்கு. எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று வீரம் பேசாதே, இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. உன் நோட்டில் ஜிசிபிக்கு 2016-ல் வந்த திருத்தம்தான் இருக்கும். 2025 ஜனவரியில் மூன்றாவது திருத்தம் வந்துவிட்டது, அதையும் ஒரு முறை படித்துவிடு.

"ஏன் இந்த வேலை?" என்பார்கள். மனித குலத்துக்குச் சேவை என்றெல்லாம் ஆரம்பிக்காதே, கேட்பவருக்குக் கொட்டாவி வரும். கம்மத்தைச் சொல். அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2009-ல் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. சில பிள்ளைகள் இறந்துபோக, 2010 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். இறப்புக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் ஹாஸ்டல் வார்டன் போட்டிருந்தார். இப்படிப்பட்ட படிவத்தை முதல் வாரத்திலேயே ஒரு ஆள் நின்று பார்த்திருக்க வேண்டும், அந்த ஆளாக இருக்க வந்திருக்கிறேன் என்று சொல். பாடமாக ஒப்பிக்காமல் உன் பேச்சில் சொல்.

"கல்யாணம் எப்போ?" என்றும் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்கிறார்கள். சண்டைக்குப் போகாதே, பதிலும் சொல்லாதே. "மாதம் எத்தனை நாள் பயணம் இருக்கும் சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்று நான் சொல்கிறேன்" என்று திருப்பிவிடு. அதோடு நீயும் ஒன்று கேள்: ஒரு மானிட்டருக்கு எத்தனை சைட், அதாவது ஆய்வு நடக்கும் எத்தனை இடம்? இதற்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் சரி. தலைக்கு மேல் சைட்டைச் சுமத்தினால் நீயும் டிக் போட்டுவிட்டு சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவளாகத்தான் ஆவாய்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் காட்டு, கையோடு திரும்ப வாங்கிக்கொள். உன் அத்தை மகன் ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, வேலையை விட்ட பிறகு அதற்காக நடையாய் நடந்தது உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை நடக்கும் அடுத்த நேர்காணல் காலையிலா மத்தியானமா என்று சொல்லவேயில்லை. காலை என்றால் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, நான் டாக்டராக இருந்து கத்துகிறேன், நீ பதில் சொல்லிப் பழகு. அப்பா உன் மார்க்‌ஷீட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார், மெயிலைப் பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா