ஏலத்தில் நடந்த பிழைக்குப் பயிற்சியாளரைத் தண்டிக்காதீர்கள்

ஹாக்கி இந்தியா லீக் அணிகளின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தில்லித் தமிழர்களான எங்களுக்கு இந்த லீகில் ஆதரிக்க இரண்டு அணிகள் உண்டு: பிழைக்க வந்த ஊருக்கு ஒன்று, பிறந்த மண்ணுக்கு ஒன்று. எது தோற்றாலும் மறுநாள் கரோல் பாகில் எங்களிடம் திட்டு வாங்குபவர் பயிற்சியாளர்தான். அணியைக் கட்டிய பொது மேலாளரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ரசிகர்கள் அப்படி இருக்கலாம். சம்பளம் கொடுக்கும் நீங்களும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது முறையன்று.

2024 அக்டோபரில் தில்லியில் நடந்த வீரர் ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 வீரர்களை எடுக்க வேண்டியிருந்தது. சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங் ஒருவருக்கே 78 லட்சம் கொடுத்தது. மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவர் அந்த விலைக்குத் தகுதியானவரா என்று விவாதிப்பதைவிட, எஞ்சிய பணத்தில் அவருக்கு மாற்றாக யாரை வாங்கினீர்கள் என்பதே இத்தகைய முடிவை எடுத்த எந்த மேலாளரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

காரணம் ஆட்ட விதியிலேயே இருக்கிறது. ஹாக்கியில் எந்நேரமும் ஆள் மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோலருகே செய்யும் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) வழங்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை மாற்ற முடியாது. கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து கோலுக்குள் வீசும் ஹர்மன்பிரீத் போன்ற டிராக் ஃபிளிக்கர் அணியில் ஒருவரே இருந்து, அவர் ஓய்வெடுக்க வெளியே உட்கார்ந்திருக்கும்போது கார்னர் கிடைத்தால், பயிற்சியாளர் கோட்டருகே நின்று கையைப் பிசைய வேண்டியதுதான். வீணான அந்த வாய்ப்பு பயிற்சியாளரின் கணக்கில் ஏறுகிறது, இரண்டாவது ஆளை வாங்காதவரின் கணக்கில் அல்ல. 2025 பிப்ரவரி 1 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ஹைதராபாத்தை 4-3 என வென்ற வங்காள அணியின் மூன்று கோல்களை அடித்தவர் டிராக் ஃபிளிக்கரான ஜுக்ராஜ் சிங் என்பதை நினைவூட்டுகிறேன்.

ஒவ்வோர் அணியிலும் நான்கு இந்திய இளையோர் இருந்தாக வேண்டும் என்பதும் அந்த ஏலத்தின் விதியாக இருந்தது. அவர்களை மேலாளர் எண்ணிக்கைக்காக வாங்கினாரா, ஆட வைக்கும் எண்ணத்தோடு வாங்கினாரா என்பது அவர்கள் களத்தில் நின்ற நிமிடங்களைக் கூட்டினாலே தெரிந்துவிடும். (கூட்டிப் பார்த்த உரிமையாளர் எத்தனை பேரோ!)

ஆகவே, ஒவ்வொரு வீரரையும் எந்தத் தேவைக்காக, எந்த விலைவரை எடுக்கலாம் என்று ஏலத்துக்கு முன்பே மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். பருவம் முடிந்ததும், பயிற்சியாளரின் பதவி பற்றிப் பேசுவதற்கு முன், அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்து மேலாளரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தில்லியிலிருந்து ஒரு ஹாக்கி ரசிகன்